பன்றிக்குட்டிக்கு அம்மை போட்டால் முதலில் காதைத் தூக்கிப் பாருங்கள்

பட்டிப் பொங்கல் முடிந்த வாரம் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தென்னந்தோப்பின் ஓரத்தில் சிமெண்ட் ஓடு வேய்ந்த சின்னக் கொட்டில். நாலு தாய்ப்பன்றி, ஓர் ஆண்பன்றி, ஆறு வார வயதில் ஒன்பது குட்டிகள். எல்லாம் வெண்பன்றி. அந்த அக்கா ஒரு குட்டியைத் தூக்கி வயிற்றைத் திருப்பிக் காட்டினார். "அம்மை போட்டாப்பல இருக்குதுங்க. பன்னிக்கெல்லாமா அம்மை வரும்?"

வரும். அவர் சொன்னது சரியான பெயர்தான். அடிவயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வட்ட வட்டமாகத் தடிப்புகள் இருந்தன. சிலது சிவப்பாக, சிலது நடுவில் தொப்புள் போலக் குழிந்து, சிலது கருத்துக் காய்ந்து பொருக்குத் தட்டி. குட்டி நன்றாகத் துள்ளியது, பால் குடித்தது. காய்ச்சல் லேசாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். பன்றி அம்மைக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

அம்மை வைரஸ்கள் ஒரு பெரிய குடும்பம். மனிதனுக்குப் பெரியம்மை வந்ததும் இந்தக் குடும்பத்திலிருந்துதான். அதை 1980-ல் உலகத்தை விட்டே ஒழித்ததாக அறிவித்தார்கள். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைக்காரர்களுக்குக் கோழி அம்மை தெரியும். செம்மறி வைத்திருப்பவர்களுக்கு ஆட்டு அம்மை தெரியும். சில வருடங்களுக்கு முன்னால் மாடுகளின் தோலெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பியதே, அந்தத் தோல் கழலை நோயும் இதே குடும்பம்தான். பன்றி அம்மை வைரஸின் மரபணுத் தொடரை 2002-ல் முழுதாகப் படித்தபோது, அதற்கு மிக நெருங்கிய சொந்தம் இந்த மாட்டுக் கழலை வைரஸ்தான் என்று தெரிந்தது. சொந்தம் என்றாலும் வீடு வேறு. பன்றி அம்மை வைரஸ் பன்றியைத் தவிர வேறு எதிலும் குடியேறுவதில்லை. மாட்டுக்குப் போகாது, ஆட்டுக்குப் போகாது, குட்டியைத் தூக்கிப் பிடித்த அந்த அக்காவுக்கும் வராது. நான் முதலில் அவருக்குச் சொன்னது அதைத்தான். வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

சரி, அந்தத் தடிப்பு எப்படி உண்டாகிறது? வைரஸைப் பெரிதாக்கிப் பார்த்தால் செங்கல் போல இருக்கும். மூவாயிரம் செங்கலை நீளவாக்கில் அடுக்கினால்தான் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். வைரஸ்களுக்குள் இது பெரிய உருவம். முழுத் தோலை இதனால் துளைக்க முடியாது. எங்காவது கீறலோ, பூச்சி குத்திய துளையோ வேண்டும். அதன் வழியாக மேல்தோலின் செல்களுக்குள் போய்ச் சேர்கிறது. டி.என்.ஏ. கொண்ட வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, அங்கே இருக்கும் கருவிகளைத் தன் வேலைக்குத் திருப்பிக்கொள்ளும். அம்மை வைரஸ் உட்கருவின் வாசலுக்கே போவதில்லை. தன் மரபணுவை நகலெடுக்க வேண்டிய நொதிகள் தன்னிடமே இருப்பதால், உட்கருவுக்கு வெளியே, செல்லின் குழம்பிலேயே பட்டறை போட்டுவிடுகிறது. நுண்நோக்கியில் பார்த்தால் அந்தப் பட்டறைகள் செல்லுக்குள் இளஞ்சிவப்புத் திட்டுகளாகத் தெரியும். பன்றி அம்மையில் உட்கருவின் நடுவிலும் ஒரு வெற்றிடம் விழுந்திருக்கும். வைரஸ் உள்ளே போகாவிட்டாலும் அந்த அளவுக்குச் செல் குலைந்து போகிறது.

இனி தோலுக்கு வெளியே தெரிவதைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட செல்கள் நீர் கோத்து ஊதுகின்றன, பக்கத்துச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அதனால் அந்த இடம் தடிக்கிறது. முதலில் தொற்றிய நடுப்பகுதி முதலில் சாகிறது, சுற்றியுள்ள வளையம் இன்னும் உப்பிக்கொண்டிருக்கிறது. தொப்புள் போன்ற குழி அப்படித்தான் விழுகிறது. பிறகு எல்லாம் காய்ந்து பொருக்காகி, மூன்று நான்கு வாரத்தில் உதிர்கிறது. மனிதருக்கு வந்த பெரியம்மையில் நீர் நிறைந்த கொப்புளம் தெளிவாகத் தெரியும். பன்றியில் அந்தக் கட்டம் கண்ணில் படாமலே போவதுதான் அதிகம். கொப்புளத்தைத் தேடிக் காணாமல் "இது அம்மை இல்லை" என்று முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த நோய் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. வைரஸ் எந்த இடத்தில் நுழைந்ததோ ஏறக்குறைய அந்த இடத்தில்தான் தடிப்பும் எழும்புகிறது. அதனால் தடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், யார் குத்தினார்கள் என்று சொல்லிவிடலாம்.

டார்ச் எடுத்துக்கொண்டு தாய்ப்பன்றியின் பக்கம் போனேன். காதைத் தூக்கி, பின்னால் இருக்கும் மடிப்பில் வெளிச்சம் அடித்தேன். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், அரை சென்டிமீட்டர் நீளத்தில், தட்டையான பேன்கள். வெளிச்சம் பட்டதும் நண்டு போலக் காலை அகட்டிக்கொண்டு மயிருக்கடியில் நகர்ந்தன. கழுத்தின் கீழ்ப்பக்க மயிரில் ஈர் வரிசையாக ஒட்டியிருந்தது. தலையில் பேன் பார்த்துப் பழகிய அந்த அக்கா அதிர்ந்து போனார். மனிதப் பேனைவிட இது அவ்வளவு பெரிது. இரத்தம் உறிஞ்சும் பேன் வகைகளில் பெரியவற்றில் ஒன்று இந்தப் பன்றிப் பேன்.

வாழ்நாள் முழுவதும் பன்றி மேலேயே கழியும் பூச்சி இது. கீழே விழுந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. குளிர் மாதங்களில் பன்றிகள் ஒன்றை ஒன்று ஒட்டிப் படுக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக ஏறுகிறது. மார்கழி, தையில் கூட்டம் பெருகுவது அதனால்தான். தாயின் மடியில் குட்டி பால் குடிக்கும்போது அதன் வயிற்றுக்கும் தொடைக்கும் வந்துவிடும். அங்கே தோல் மெலிது. பேனின் உடம்புக்குள் அம்மை வைரஸ் பெருகுவதில்லை. கழுவாத ஊசி போல, ஒரு பன்றியின் தோலில் எடுத்ததை இன்னொன்றின் தோலில் வைக்கிறது, அவ்வளவுதான். தடிப்பு வயிற்றிலும் உள்தொடையிலும் குவிந்திருந்தால் பேன் மேல்தான் என் முதல் சந்தேகம். முதுகில் பரவியிருந்தால் ஈ, கொசு பக்கம் திரும்புவேன். முகத்தில் மட்டும் இருந்தால், மடிக்காகக் குட்டிகள் சண்டை போட்டுக் கடித்துக்கொண்ட கீறல்களைத் தேடுவேன்.

இதற்கு அடங்காத ஒன்று உண்டு. அபூர்வமாகக் குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் அம்மையோடு பிறக்கும், தாயின் தோலில் ஒரு புள்ளிகூட இருக்காது. கருவிலேயே வைரஸ் கடந்திருக்கிறது. அப்படிப் பிறக்கும் குட்டிகள் செத்தே பிறப்பதும், பிறந்து சாவதும் உண்டு.

மற்றபடி, குட்டிகள் எல்லாவற்றுக்கும் வந்தாலும் நூற்றுக்கு ஐந்துகூட இந்த நோயால் மட்டும் சாவதில்லை. மூன்று நான்கு மாதத்துக்குள் உள்ள குட்டிகளுக்குத்தான் நன்றாகத் தெரியும்படி வரும். பெரிய பன்றிக்கு வந்தால் லேசாக வந்து போகும். ஒருமுறை வந்து தேறிய பன்றிக்கு மறுபடி வருவதில்லை. அப்படியானால் பத்துப் பன்றி உள்ள கொட்டிலில் இது தானாகவே ஓய்ந்துவிட வேண்டும், இல்லையா? ஓய்வதில்லை. காரணம் பொருக்கு. உதிர்ந்து விழும் ஒவ்வொரு பொருக்கிலும் வைரஸ் இருக்கிறது. காய்ந்த பொருக்கில் அது மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிர்ப்போடு கிடக்கும். நாலு தாய்ப்பன்றி நாலு வேறு மாதத்தில் குட்டி போட்டால், ஒரு ஈத்து தேறும்போது அடுத்த ஈத்து தயாராக வந்து நிற்கிறது. பழைய பொருக்கின் தூசியில் புதிய குட்டி படுக்கிறது. அதன் மேல் பேன். சின்னக் கொட்டில்களில் வருடா வருடம் அம்மை திரும்பி வருவதற்கு இந்த மூன்றும் போதும்.

தடுப்பூசி கிடையாது. வைரஸைக் கொல்ல மருந்தும் கிடையாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பேன் உயிரோடு இருக்கும்வரை அது போதாது. பேனுக்கு ஐவர்மெக்டின் ஊசி உண்டு, அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். அது ஈரைக் கொல்லாது. பன்னிரண்டு நாளிலிருந்து இருபது நாளுக்குள் ஈர் பொரிந்துவிடும், அதனால் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது ஊசி கட்டாயம். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். சினைப் பன்றிக்கு, குட்டி போட ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது போட்டுவிட்டால் பேன் இல்லாத மடியில் குட்டி பிறக்கும். ஊசி போட்ட பன்றியை எத்தனை நாள் கழித்து இறைச்சிக்குக் கொடுக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணில் சீழ் பிடித்தாலோ, தோல் முழுவதும் எண்ணெய் வழிவது போல ஆனாலோ பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குத் தனி வைத்தியம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தோலில் வருவதெல்லாம் அம்மை இல்லை. பன்றி தீனி எடுக்காமல், கடும் காய்ச்சலோடு, காதும் வயிறும் நீலம் பாய்ந்து கிடந்தால் அது பன்றிகளுக்கு மட்டும் வரும் பன்றிக் காய்ச்சலாகவோ ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். ஆப்பிரிக்கக் காய்ச்சல் 2020-ல் அசாமில் தெரிந்தது, 2022-ல் வயநாடு வரை வந்துவிட்டது. ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் ஊற்றுவது அதற்குக் கதவைத் திறந்து வைப்பது. மூக்கிலும் குளம்பிலும் கொப்புளம் இருந்தால் கோமாரி. சாய்சதுர வடிவில் சிவந்த தடிப்பு என்றால் அது எரிசிபெலஸ் என்ற பாக்டீரியா நோய். அம்மை வந்த குட்டி விளையாடும், பால் குடிக்கும். இவை வந்தது சுருண்டு படுத்திருக்கும். அப்படிக் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திராமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், ஒரு பன்றியையும் வெளியே விற்காதீர்கள்.

பல்லடத்து அக்கா அன்றைக்கே கொட்டிலைச் சுரண்டிப் பொருக்கையும் பழைய வைக்கோலையும் எரித்தார். தரையைக் கழுவிக் காயவிட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்தார். அழுக்கின் மேல் தெளித்தால் அந்த மருந்து அழுக்கோடே தீர்ந்துவிடும் என்று நான் சொன்னதும், மறுபடி ஒருமுறை கழுவினார். முதல் ஊசி போட்ட தேதியையும் இரண்டாவது ஊசித் தேதியையும் கொட்டில் சுவரில் கரியால் எழுதி வைத்தார். மூன்றாவது வாரம் போனபோது குட்டிகளின் வயிற்றில் வெளிறிய வட்டங்கள் மட்டும் இருந்தன. அடுத்த தாய்க்கு மாசிக் கடைசியில் நாள். நான் கேட்பதற்கு முன்பே அதன் காதைத் தூக்கிக் காட்டினார்.