ரீடைரெக்ட்: வழிமாற்றா, மடைமாற்றா?

கருப்பட்டி வியாபாரம் செய்யும் சித்தப்பாவுக்கு ஆர்டர் எடுக்க ஓர் இணையப் படிவம் செய்து கொடுத்திருந்தேன். பாளையங்கோட்டை அத்தை 5 கிலோ கேட்டுப் பொத்தானை அழுத்தினார். பக்கம் அசையாமல் நிற்கவே இரண்டு முறை ரீலோட் செய்தார். படிவத்தை மறுபடியும் அனுப்பவா என்று பிரவுசர் கேட்டபோதெல்லாம் சரி என்றார். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் 15 கிலோ கருப்பட்டி இறங்கியது. அத்தை மேல் தவறில்லை. படிவத்தை வாங்கும் கணினியான சர்வரில் ஒரு ரீடைரெக்ட், அதாவது பிரவுசரை வேறொரு பக்கத்துக்குப் போகச் சொல்லும் பதில், வைக்க நான் மறந்திருந்தேன்.

ரீடைரெக்ட் என்ற சொல்லுக்கு வேர் லத்தீன். 'ரெகெரே' என்றால் நேராக நடத்துதல், ஆளுதல். அதிலிருந்து பிறந்த 'டிரிகெரே' ஒரு திசையில் செலுத்துதல். முன்னால் நிற்கும் 'ரீ'க்கு மறுபடியும் என்று பொருள்.

படிவம் வந்ததும் சர்வர் முதலில் அதைப் பிரித்துப் பார்க்கிறது. நாம் தட்டியது தட்டியபடியே வருவதில்லை. சாதாரணப் படிவத்தில் சொல் இடைவெளி கூட்டல் குறியாகிவிடும். 'நெல்லை' என்ற மூன்றெழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் ஆறு குறியீடு. குறியீட்டுக்கு மூன்று பைட், பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆக 54 எழுத்தாக நீண்டு வரும். அதை மீட்டு, கைபேசி எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா, எடை என்ற இடத்தில் எண்தான் இருக்கிறதா என்று சோதித்துச் சேமித்த பிறகு, சர்வர் 'இங்கே போ' என்று பொருள்படும் 303 என்ற எண்ணையும் ஒரு நன்றிப் பக்கத்தின் முகவரியையும் பதிலாகத் தருகிறது. பிரவுசர் அந்த நன்றிப் பக்கத்துக்குப் போய்விடும். அங்கே எத்தனை முறை ரீலோட் செய்தாலும் கருப்பட்டி கூடிவிடாது.

தமிழில் இதற்குத் 'திசைதிருப்பல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பேச்சைத் திசைதிருப்பாதே என்று அதட்டும்போது வருகிற சொல் அது, கள்ளத்தனம் ஒட்டியிருக்கிறது. 'ரீ'க்கு மறு என்று பிடித்துக்கொண்டு 'மறுகால்' என்றார் ஒரு நண்பர். குளம் நிறைந்து வழியும் இடமல்லவா மறுகால்? நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி என்று ஊரே இருக்கிறது.

என் மனம் முதலில் போனது 'மடைமாற்று' என்ற சொல்லுக்கு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மருதூரில் மேலக்கால், கீழக்கால் என்றும் ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால் என்றும் பிரியும் தண்ணீர், கடைசியில் ஒரு மண்வெட்டிக்குக் கட்டுப்படுகிறது. அடுத்த வயலின் மடையை வெட்டுகிறவர், வெட்டிய மண்ணையே அள்ளிப் பழைய மடையை அடைப்பார். இரண்டு கொத்தில் தண்ணீர் திரும்பிவிடும். செய்தித்தாள்கள் நிதியைப் பற்றி எழுதும்போது இதே சொல்லை ஆள்கின்றன.

ஆனால் மடைமாற்றும்போது திரும்புவது தண்ணீர். 303-இல் விவரம் எங்கும் போவதில்லை. அனுப்பியவருக்கு அடுத்த வழியைச் சொல்வதோடு சரி. ஆகவே ரீடைரெக்டுக்குத் தமிழ் விக்கிப்பீடியா ஆளும் 'வழிமாற்று' என்பதே பொருந்தும். வந்த விவரத்தைப் பிரவுசருக்குத் தெரியாமல் சர்வரே பின்னால் உள்ள இன்னொரு சர்வருக்குத் தள்ளிவிட்டால், அது மடைமாற்று.

இடையில் ஒரு சிக்கல் உண்டு. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கென 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 விதிப்படி, 302 என்ற வழிமாற்று எண் வந்தால் படிவத்தை அதே முறையில்தான் மறுபடி அனுப்பவேண்டும். பிரவுசர்களோ விவரத்தைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு புதிய முகவரிக்குப் போயின. பின்னர் விதியையே பிரித்தார்கள்: வெறுங்கையோடு போக 303, கொண்டுவந்த சுமையோடு போக 307. இதில் 307 சேர்ந்தது 1999-இல். சுமையோடு போனாலும் போகிறவர் பிரவுசர்தான் என்பதால் இதையும் வழிமாற்று என்றே சொல்வேன்.

போகவேண்டிய முகவரியைப் படிவத்திலிருந்தே எடுத்து, சோதிக்காமல் வழிமாற்றும் சர்வர்களும் இருக்கின்றன. நம் கடையின் பெயரில் தொடங்கும் இணைப்பைக் காட்டி, வாடிக்கையாளரைப் போலிப் பக்கத்தில் இறக்கிவிட எவனுக்கும் அது போதும். இரவில் வரப்பை வெட்டித் தண்ணீர் திருடுகிற வேலை. அதற்கு மட்டும் 'திசைதிருப்பல்' என்றே எழுதிக்கொள்ளலாம்.