யாருடன் குடிக்கிறீர்கள்?

சியோலில் கல்லீரல் நோயாளிகளைப் பார்த்துவந்த ஆண்டுகளில், "எவ்வளவு குடிப்பீர்கள்?" என்று கேட்டு நான் பெற்ற பதில்கள் பெரும்பாலும் பயன்படவில்லை. "யாருடன் குடிப்பீர்கள்?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் பழக்கத்தின் வேர் தெரிந்தது.

நாற்பது, ஐம்பது வயது ஆண்களில் பலர் சொன்ன பதில் 'ஹ்வேசிக்', அதாவது வேலை முடிந்ததும் அலுவலகக் குழுவாகச் செல்லும் விருந்து. மேலதிகாரி ஊற்றுவதை இரு கைகளாலும் ஏந்தி, முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு அருந்துவது அங்கே மரியாதை. காலியான கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ளாமல் அருகிலிருப்பவர் நிரப்பக் காத்திருப்பதும் வழக்கம் என்பதால், எத்தனை கோப்பை உள்ளே போயிற்று என்பது குடித்தவருக்கே தெரிவதில்லை. கொரியர்கள் பரவலாக அருந்தும் மதுவான சோஜுவின் 360 மில்லி புட்டி ஒன்றில் ஏழு கோப்பை வரும். ஒரே அமர்வில் ஏழு கோப்பையை வாரத்திற்கு இருமுறை குடிக்கும் ஆணை, கொரியத் தேசியச் சுகாதார ஆய்வு அதிக ஆபத்துள்ள குடிகாரராகக் கணக்கிடுகிறது. பெண்ணுக்கு அந்த வரம்பு ஐந்து.

கொரியர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு, மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை முறிக்கும் நொதி பிறவியிலேயே சரிவரச் செயல்படாது. ஒரு கோப்பையிலேயே முகம் சிவந்துவிடும். "குடித்துப் பழகினால் சரியாகிவிடும்" என்று மூத்தவர்கள் தேற்றுவார்கள். (மருத்துவர்கள் சிலரும் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.) சிவப்பு குறையலாம், நொதி மாறாது. குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

2018இல் வாரத்திற்கு 52 மணி நேர வேலை வரம்பு வந்தது. 2019இல் வாகன ஓட்டிகளுக்கான இரத்த மது அளவு 0.05 சதவீதத்திலிருந்து 0.03 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் பெருந்தொற்றும் சேர, விருந்துகள் சுருங்கின. ஆனால் பெண்களின் குடிப்பழக்கம் கடந்த தலைமுறையைவிடக் கூடியிருக்கிறது. மூன்றில் ஒரு வீட்டுக்கும் மேல் ஒருவரே வசிக்கும் நாட்டில், தனியாகக் குடிப்பதற்கு 'ஹோன்சுல்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

முப்பதுகளில் இருந்த ஒரு பெண், யாருடன் என்ற என் கேள்விக்கு வெகுநேரம் பதில் சொல்லவில்லை. காலிப் புட்டிக்குக் கடையில் 100 வொன் திரும்பக் கிடைக்கும். அந்த வாரம் கையில் வந்தது 900 வொன் என்றார்.