எடை பாராத, அடையாளம் ஏற்கும் உளவளத்துணை

'வெயிட் இன்குளூசிவ், ஐடென்டிட்டி அஃபர்மிங் தெரபி' என்று சில மனநல ஆலோசகர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'எடை உள்ளடக்கிய, அடையாளத்தை உறுதிப்படுத்தும் சிகிச்சை' என்று வரும். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. புரிந்தாலும் தப்பாகவே புரியும்.

'இன்குளூசிவ்' என்பதன் லத்தீன் வேருக்கு 'உள்ளே வைத்து அடைப்பது' என்று பொருள். இன்று அது 'யாரையும் வெளியே நிறுத்தாத' என்ற இடத்துக்கு வந்துவிட்டது. நம் 'உள்ளடக்கிய' அவ்வளவு தூரம் வரவில்லை. 'எடை உள்ளடக்கிய' என்றால் எடையையும் சேர்த்து என்றுதான் காதில் விழுகிறது. சொல்ல வந்ததோ, எந்த எடையில் இருப்பவருக்கும் ஒரே மரியாதை, ஒரே கவனிப்பு என்பது. அமெரிக்க உளவியலாளர் ட்ரேசி டில்காவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் எழுதிய கட்டுரை இந்தச் சொல்லை, எடையை வைத்தே ஆரோக்கியத்தை அளக்கும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்தியது.

ஏன் அப்படி ஓர் எதிர்ப்பக்கம் வேண்டும்? ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். 100 கிலோ இருந்தவர் ஆறே மாதத்தில் 70 கிலோவுக்கு வந்துவிட்டார். காலையில் பால் விடாத காப்பி, மதியம் இரண்டு கரண்டி சோறு, ராத்திரி ஒன்றுமில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, மாதவிலக்கு நின்றுவிட்டது, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் தூக்கமில்லை. கல்யாண வீட்டில் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி, இப்படி இளைச்சுட்டே! எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன்" என்கிறார். இதே பெண் 35 கிலோவில் இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு இந்த நிலையைத் தனியாகப் பெயரிட்டுக் குறிக்கிறது: எடை ஏறிவிடும் என்ற பயத்தில் உணவை ஒதுக்கும் அனொரெக்சியா நோயின் மற்ற அடையாளங்கள் எல்லாம் இருக்கும், எடை மட்டும் குறைவாக இருக்காது. எடையைப் பார்க்கிற கண்ணுக்கு நோய் தெரியாமல் போகிறது.

இந்தப் 'பார்க்கிற'தான் நமக்கு வேண்டிய சொல். சாதி பார்க்கிறார், ஆள் பார்த்துப் பேசுகிறார் என்கிறோமே, அந்தப் பார்வை. 'எடை பாராத' என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது. எடை மெஷினையே தொடக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்தின் அளவைக் கணக்கிட எடை தேவைப்பட்டால் பார்க்கத்தான் வேண்டும். ஆளை அதை வைத்து எடைபோடக் கூடாது, அவ்வளவுதான். அறைக்குள் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி ஒன்று போட்டிருந்தாலே, வந்தவருக்குப் பாதி பயம் போய்விடும்.

அடுத்தது 'அஃபர்ம்'. லத்தீனில் 'திடமாக்கு' என்ற வேர். அதனால்தான் அகராதிகள் 'உறுதிப்படுத்து' என்கின்றன. ஆனால் உறுதிப்படுத்துவது சான்றிதழைச் சரிபார்ப்பவரின் வேலை. 'நான் திருநங்கை', 'நான் தன்பாலீர்ப்பாளர்' என்று ஒருவர் சொல்லும்போது, அதைச் சரிபார்க்க ஆலோசகர் யார்? உளவியலாளர் ஆலன் மாலியன் 1982இல் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கான உளச்சிகிச்சை பற்றி எழுதியபோது இந்தச் சொல்லைக் கையாண்டார். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கி அப்போது 9 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மாற்ற வேண்டியது அந்த ஆளை அல்ல, அவருக்குள் ஊர் ஊட்டிய வெறுப்பை என்பது மாலியனின் நிலை. அதற்கு 'ஏற்கும்' போதும். 'அங்கீகரிக்கும்' என்று எழுதாதீர்கள். அதில் அதிகார வாடை அடிக்கிறது.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டு ஒரு தன்பாலீர்ப்புப் பெண் இணை தொடுத்த சுஷ்மா வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு, ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றப் பார்க்கும் 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதைத் தடைசெய்யச் சொன்னார். இந்த மக்களைக் குறிக்கக் கண்ணியமான தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்ற கேள்வியும் அதே வழக்கில்தான் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

அப்புறம் 'தெரபி'. தமிழ்நாட்டில் சிகிச்சை, ஆலோசனை என்கிறோம். ஆற்றுப்படுத்தலை இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. 'தெரபி'யின் கிரேக்க மூலத்துக்கும் முதற்பொருள் பணிவிடை. 'தெரபோன்' என்றால் கூடவே இருந்து கவனிப்பவர். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் கடைசிக் குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக 'உழைச்செல்வான்' என்கிறது. உழை என்றால் பக்கம்; நோயாளியின் பக்கத்திலிருந்து கவனிப்பவர். அந்த ஆள்தான் இந்தத் துணை.

போனில் ஓர் ஆலோசகரிடம் கேட்பதற்கு இவ்வளவு பெரிய தொடர் வேண்டாம். "எடையைக் குறைங்கன்னு ஆரம்பிக்காம நான் சொல்றதைக் கேப்பீங்களா? நான் சொல்ற பேரைச் சொல்லியே கூப்பிடுவீங்களா?" என்று கேட்டால் போதும்.