பட்டன் பெருசா இருந்தா சேத்துல ஏறிடுமா?

போன ஐப்பசியில் ஒரு நாள், கடை ஷட்டரைத் தூக்கும் முன்பே ஒரு பெரியவர் வாசலில் நின்றிருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. முந்தின நாள் சாயங்காலம் பாமணி ஆற்றங்கரையில் வண்டி இறங்கிவிட்டது. ராத்திரி டிராக்டர் வைத்து இழுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வேறொரு ஊரில் நாலு சக்கரத்துக்கும் ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் போட்டிருந்தார்.

"தம்பி, இது டூப்ளிகேட்டான்னு பாத்துச் சொல்லுங்க. எல்லா ரோட்டுலயும் போவும்னு சொல்லித்தான் வித்தான்."

பார்த்தேன். டயர் அசல்தான். ஆனால் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகள், எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. இடுக்கெல்லாம் களிமண் அடைத்து, யாரோ பூசி மெழுகிவிட்டதுபோல் வழவழவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விரல் தண்டிக்குத் துண்டு துண்டாக வந்தது. "ஐயா, டயர் நல்ல டயர்தான். நம்ம மண்ணுதான் இப்படி" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. காசு கொடுத்தவருக்கு எப்படித் திருப்தி வரும்?

மன்னார்குடிப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக டயர், அலைன்மென்ட் வேலை பார்க்கிறேன். தார், ஜிம்னி, ஸ்கார்பியோ என்று வண்டிகள் பெருகிய பிறகு ஏ.டி. டயர் கேட்டு வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். பாதிப் பேர் போனில் படத்தோடு வருகிறார்கள்: "இதே மாதிரி போடுங்கண்ணே." படத்தில் இருப்பது பாலைவனமாகவோ மலையாகவோ இருக்கும். நம் ஊரில் இரண்டும் கிடையாது.

ஏ.டி. என்பது நடுவாந்திரம். தார் ரோட்டுக்கென்றே செய்வது எச்.டி.; பட்டன் நெருக்கமாக இருக்கும், சத்தம் வராது, மழையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். சேற்றுக்கென்று செய்வது எம்.டி.; பட்டனுக்குப் பட்டன் பெரிய இடைவெளி, தார் ரோட்டில் போனால் விமானம் கிளம்புகிற மாதிரி இரையும். ஏ.டி. இந்த இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. சேற்றில் போகிற டயர் சுற்றும்போதே தன்மேல் ஒட்டிய மண்ணை உதறித் தள்ள வேண்டும். அதற்கு அகலமான இடுக்கு வேண்டும், சுற்றுகிற வேகமும் வேண்டும். ஏ.டி.யின் இடுக்கு அவ்வளவு அகலம் இல்லை. வெண்ணாறும் வெட்டாறும் கொண்டுவந்து படிய வைத்த நம் களி, மாவு போல் நைசான மண். ஈரம் பட்டால் பசை. நாலு சுற்றில் இடுக்கை அடைத்துவிடும். அதற்கப்புறம் இருபதாயிரம் ரூபாய் டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டும், கடைசியில் வண்டி சேஸிஸில் உட்கார்ந்துகொள்ளும். வயலில் இறங்க டிராக்டருக்கே கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டுகிற ஊர் இது. அந்தச் சேற்றில் ரப்பர் பட்டனை வைத்து ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் வயலில் இறங்கியதில்லை என்று அர்த்தம்.

அதனால் யார் வந்தாலும் பிராண்டைப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: "வண்டி எந்த மண்ணுல ஓடுது?"

டெல்டா என்றால் ஒரே மண் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வல்லம் பக்கம் போனால் செம்மண், சரளை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை தென்னந்தோப்புகளில் மணல் கலந்த செம்மண். அங்கே ஏ.டி. டயர் சொன்ன வேலையைச் செய்யும். மழை விட்டு ஒரு மணி நேரத்தில் பிடி கிடைக்கும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் மணல். அங்கே பட்டனைவிடக் காற்றுதான் முக்கியம், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆற்றங்கரைகளில் சரளை போட்ட பாதை இருந்தால் ஏ.டி.க்குக் கொண்டாட்டம். திருவாரூர், நீடாமங்கலம், கும்பகோணம் சுற்று வட்டத்துக் களியில், ஐப்பசி கார்த்திகையில் மட்டும், அதன் பாச்சா பலிக்காது. கோடையில் அதே களி கல்லாக வெடித்துக் கிடக்கும்போது எந்த டயரும் போகும்.

இன்னொரு கணக்கும் போடச் சொல்வேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் மண்ணில் எவ்வளவு? பெரும்பாலும் வீட்டுக்கும் பம்பு செட்டுக்கும் இடையில் கடைசி ஒரு கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் தார் ரோடு. நனைந்த தார் ரோட்டில், எச்.டி. நிற்கிற இடத்தில் பல ஏ.டி. டயர்கள் நிற்பதில்லை, கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் அடித்துப் பார்த்தவர்களுக்கு எந்த டயரும் வழுக்கும் என்று தெரியும்.

அப்படியானால் ஏ.டி. வேண்டாமா? வேண்டும் என்று நான் சொல்கிற ஆட்களும் உண்டு. முதல் காரணம் முள். ஆற்றுப் படுகையிலும் கடைமடையிலும் சீமைக்கருவை மண்டிய பாதைகளில் சாதா டயரின் சைடுவால் (பக்கச் சுவர்) தாங்குவதில்லை. கரும்பு வெட்டிய கொல்லைகளில் சாய்வாக நிற்கும் கட்டை, கத்திதான். ஏ.டி.யில் பல மாடல்களுக்குச் சைடுவால் தடிமனாக இருக்கும், பட்டன் ஆழமும் கூடுதல். பட்டனில் குத்தினால் பஞ்சர் போடலாம். சைடுவாலில் கிழிந்தால் டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு ஒரு மாதம், பறந்த கூரைத் தகடும் ஆணியும் குத்தி வந்த டயர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தடிச்ச டயர் போட்டிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. இனி அளவு. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பொலேரோவுக்கு வருவது 215/75 ஆர் 15: அகலம் 215 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 இன்ச். "அண்ணே, 235 போடுங்க, வண்டி தூக்கலா நிக்கும்" என்பார்கள். கணக்குப் பாருங்கள். 215/75 டயரின் மொத்த உயரம் 703 மில்லிமீட்டர் சொச்சம். 235/75 போட்டால் 733 சொச்சம். 30 மில்லிமீட்டர் கூடியது, ஆனால் அதில் பாதிதான் வண்டியைத் தூக்கும். 15 மில்லிமீட்டர், கட்டை விரல் அகலம்கூட இல்லை. அதற்கு விலை என்ன? ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 83க்கு மேல் போவீர்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் ஃபெண்டரில் உரசலாம். இழுவை குறையும், மைலேஜ் குறையும். வண்டியின் மூல விவரங்களுக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் டயரைத்தான் குனிந்து பார்ப்பார். அதே மாடலின் வேறு வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவென்றால் போட்டுத் தருவேன். அதற்கு மேலே கேட்டால் வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

தார் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18 என்று இரண்டு அளவு வருகிறது. முதலாவதில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் 184 மில்லிமீட்டர் ரப்பர், இரண்டாவதில் 166. மண்ணில் ஓட்டுகிறவருக்கு அந்த ரப்பர்தான் மெத்தை. 16 இன்ச் ரிம் வைத்துக்கொண்டு 18 அலாய்க்கு ஏங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பார்வைக்கு 18தான் அழகு, ஒத்துக்கொள்கிறேன்.

அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் பாரம். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925, 112 என்றால் 1,120. வண்டியோடு வந்த டயரில் இருந்த எண்ணுக்குக் குறைந்து வாங்கவே கூடாது. கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எழுத்து வேகம்: எஸ் என்றால் 180 கிலோமீட்டர், டி என்றால் 190. நம் ரோட்டுக்கு அது போதும். பக்கத்தில் பனிமலைப் படம் போட்டு ஒரு முத்திரை இருந்தால் அது பனிக்குப் பரிசோதித்த டயர். அதற்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மார்கழிப் பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து வயசு. சைடுவாலில் நீளமான குறியீட்டின் கடைசி நாலு எண்: 2324 என்று இருந்தால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. சில டயர்களில் இந்த முழுக் குறியீடு ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். மாட்டும்போது அது உள்பக்கம் போய்விட்டால் அப்புறம் வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்கணும். ஆகவே மாட்டும் முன்பு நாலையும் தரையில் போட்டுப் படியுங்கள். ஏ.டி. எல்லா ஊரிலும் வேகமாக விற்கிற சரக்கு இல்லை. கிடங்கில் இரண்டு மூன்று வருஷம் கிடந்ததைப் பாலிஷ் அடித்து எடுத்து வைப்பவர்களும் உண்டு. ஒரு வருஷத்துக்கு உட்பட்டதைக் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பில் இல்லாமல் மிச்சம் பிடிக்கிற ஆசை இனியாவது குறையட்டும். டயர் புடைத்துக்கொண்டால் கம்பெனியில் பேச அந்தக் காகிதம்தான் துணை.

"பின்னாடி ரெண்டு மட்டும் ஏ.டி. போடுங்க, முன்னாடி பழசே ஓடட்டும்" என்பது அடிக்கடி கேட்கிற பேரம். செய்யாதீர்கள். முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி என்றிருந்தால் மழையில் வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இன்னும் மோசம்: முன் பின் டயர் உயரம் வித்தியாசப்பட்டால் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அந்தச் சண்டையைத் தாங்க வேண்டியிருக்கும். அதன் செலவில் இரண்டு செட் டயர் வாங்கலாம். முடிந்தால் ஸ்டெப்னியோடு ஐந்தாக எடுத்து, எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுற்றி மாற்றுங்கள்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். மணலிலோ இளகிய மண்ணிலோ இறங்கும் முன் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், மூழ்காது. கோடியக்கரை மணலில் இது மந்திரம் மாதிரி வேலை செய்யும். 15க்குக் கீழே போனால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளலாம். மெதுவாகத்தான் போக வேண்டும், தார் ரோட்டில் ஏறுமுன் திரும்ப அடித்தாக வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு நாகப்பட்டினம் ரோட்டில் எண்பதில் போனால் சைடுவால் சூடேறி வெடிக்கும். அதனால் ஏ.டி. டயர் வாங்க வருகிறவரிடம் 12 வோல்ட் காற்றுப் பம்பும் ஒன்று வாங்கச் சொல்கிறேன். என் கடையில் பம்பு விற்பதில்லை.

பாமணிக்கரைப் பெரியவருக்கு அன்று டயரை மாற்றவில்லை. டயர் போட்ட கடையில் காற்று 36 அடித்துக் கொடுத்திருந்தார்கள். அவர் வண்டிக்குச் சொன்ன 30க்கு இறக்கினேன், களியைக் கழுவிவிட்டேன். மழை நிற்கும் வரை கொல்லைக்குப் போக வண்டியைச் சரளைப் பாதையிலேயே நிறுத்திவிட்டு நடக்கச் சொன்னேன். "இதுக்கா அவ்வளவு காசு குடுத்தேன்?" என்றார். தை மாதம் டயர் சுற்றி மாற்ற வந்தபோது நாலிலும் முள் குத்திய தடம் ஏழெட்டு இருந்தது. ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

புது டயர் போட்டால் முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், மேலே வழவழப்பு இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் போட்ட கடைக்கே ஒருமுறை போய் வீல் நட்டை முடுக்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.