கார்க்: தக்கையா, சதுப்பா?

அயர்லாந்தின் கார்க் நகரத்தைப் பற்றி வரலாற்று அறிஞர்களும் தொல்லியலாளர்களும் தெருத்தெருவாக நடந்துகொண்டே பேசும் உரையாடல்கள் சிலவற்றைத் தமிழ் வசனவரிகளோடு பார்த்தேன். நல்ல பேச்சு. ஆனால் நகரத்தின் பெயர் வரும் இடத்திலெல்லாம் "தக்கை நகரம்" என்று போட்டிருந்தார்கள். இதற்கு முன்பும் பயணக் கட்டுரைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஐரிஷ் மொழியில் 'கோர்கக்' என்றால் சதுப்பு. அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான் ஊர்ப்பெயர். பழைய முழுப்பெயரின் பொருள் 'மன்ஸ்டரின் பெருஞ்சதுப்பு'; மன்ஸ்டர் என்பது அயர்லாந்தின் தென்பகுதி மாகாணம். அதை ஆங்கிலேயர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி எழுத, அது புட்டிக்கு அடைக்கும் தக்கையின் பெயரைப் போல ஒலித்துவிட்டது. தக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஸ்பானிய வழியாக வந்தது. இரண்டுக்கும் உறவே கிடையாது. திருவல்லிக்கேணியை ஆங்கிலேயர் ட்ரிப்ளிக்கேன் ஆக்கினார்கள். அதைப் பார்த்து ஒருவர் "மூன்று பிரம்பு" என்று மொழிபெயர்த்தால் நாம் சும்மா இருப்போமா?

சரி, தக்கையை விடுவோம். அதே வசனவரிகளில் இன்னொரு தவறு இருக்கிறது. என்னை அதிகம் உறுத்துவது அதுதான். நகரின் நடுப்பகுதியில் ஒரு பழைய குடியிருப்பை ஊர்க்காரர்கள் இன்றும் 'மார்ஷ்', அதாவது சதுப்பு என்றே சொல்கிறார்கள். அங்கே பிறந்த ஒருவரைப் பற்றிய பேச்சு "சேற்றில் பிறந்தவர்" என்று தமிழில் வந்திருந்தது. ஒரு பேட்டையின் பெயர் அழிந்துபோனதோடு, அந்த மனிதருக்கும் இழிவு வந்து சேர்ந்துவிட்டது.

சேறு வேறு, சதுப்பு வேறு. மழை பெய்தால் தெருவில் சேறாகும், இரண்டு நாள் வெயிலில் காய்ந்தும் போகும். சதுப்பு அப்படியல்ல, அது ஒரு நிலவகை. நீர் ஊறியே கிடக்கும், நாணல் வளரும், மிதித்தால் கால் உள்ளே போகும். சதசதவென்ற ஈரம் அந்தச் சொல்லின் ஒலியிலேயே இருக்கிறது. 'அள்ளல்', 'அளறு' என்ற பழஞ்சொற்களை எடுக்கலாமே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். அழகான சொற்கள்தான். ஆனால் அவையும் குழைசேற்றைத்தான் முதலில் நினைவூட்டும். சதுப்பும் தமிழ்தான், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். அப்புறம் எதற்கு வேறு சொல்?

இந்த ஒரு சொல் சரியாக விழுந்தால்தான் அந்த அறிஞர்கள் சொல்வது விளங்கும். லீ ஆறு இரண்டாகப் பிரிந்து நகர நடுவைத் தீவாக்குகிறது. அந்தத் தீவே பழைய சதுப்புத் திட்டுகளையும் ஓடைகளையும் தூர்த்து எழுப்பியதுதான். பேட்ரிக் தெரு வில்போல வளைந்து போகிறதே, அடியில் ஓடிய கால்வாயின் வளைவு அது. 2009 நவம்பரில் ஆற்று வெள்ளம் நகருக்குள் புகுந்ததற்கும் இந்தத் தாழ்ந்த தரையை நினைக்காமல் காரணம் சொல்ல முடியாது. "தக்கை நகரம்" என்று படித்தவருக்கு இதில் எது புரியும்?

மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில அகராதியோடு நின்றுவிடுகிறார்கள். ஊர்ப்பெயர் எந்த மொழியில் பிறந்தது என்று ஒரு நிமிடம் தேடுவதில்லை. டப்ளினும் ஐரிஷ் சொல்தான், பொருள் கருங்குட்டை. அதற்காக அதைக் கருங்குட்டை என்று எழுதச் சொல்லவில்லை. பெயரைக் கார்க் என்றே ஒலிபெயர்த்து, முதல் முறை வரும்போது 'சதுப்பு என்று பொருள்' எனச் சேர்த்தால் போதும். அந்தப் பேட்டைக்குச் 'சதுப்புப் பேட்டை' பொருந்தும்.

கார்க்கின் சவுத் மால் தெருவில் சில பழைய வீடுகளுக்கு வாசற்கதவு மாடி உயரத்தில் இருக்கிறது. தெருவிலிருந்து கற்படி ஏறித்தான் போக வேண்டும். படிக்குக் கீழே, தரை மட்டத்தில், வளைவு வைத்த இன்னொரு வாய் தெரியும். தெரு நீராக இருந்த காலத்தில் படகு உள்ளே போன வழி அது.