சீறும் ரேடியேட்டர்: கோளாறு வென்ட்டிலா, வேறெங்காவதா?

நியூயார்க், பாஸ்டன் பக்கம் நூறு வருஷத்துப் பழைய வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு இந்தச் சத்தம் பழகியிருக்கும். பேஸ்மென்ட்டில் தண்ணீரை ஆவியாக்கும் பாய்லர் எரிய ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், அந்த ஆவியால் அறையைச் சூடாக்கும் ஜன்னலடி ரேடியேட்டரிலிருந்து ஒரு ‘உஸ்ஸ்’. அதன் ஓரத்தில், பாதி உயரத்தில், கட்டைவிரல் பருமனில் பளபளவென்று நிற்கும் ஏர் வென்ட்தான் (காற்றுப் போக்கி) அப்படிச் சீறுகிறது. சீறுவது அதன் வேலை. வெளியே வருவது காற்றா, ஆவியா, தண்ணீரா என்று பார்த்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

குக்கரை மூடியதும் வெயிட்டைப் போடாமல், ஆவி நன்றாகப் பீய்ச்சும்வரை காத்திருக்கிறோம் அல்லவா? உள்ளே இருக்கும் காற்று முதலில் போக வேண்டும். இங்கேயும் அதே கதைதான். இந்த வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக்குழாய் அமைப்பு: ஆவி ஏறுவதும், குளிர்ந்து தண்ணீரானது இறங்குவதும் ஒரே குழாயில். ரேடியேட்டருக்குள் ஆவி நுழைய வேண்டுமானால் அங்கிருக்கும் காற்று மறுகோடியில் உள்ள வென்ட் வழியாக வெளியேற வேண்டும். பல வென்ட்களுக்குள் ஆல்கஹால் கலந்த திரவம் அடைத்த சின்ன மிதவை ஒன்று உண்டு. 100 டிகிரி ஆவி பட்டதும் அந்தத் திரவம் கொதித்து மிதவையின் அடித்தகட்டைப் பிதுக்கும்; மேலே உள்ள ஊசி துளையை அடைக்கும். ஆறியதும் தகடு சுருங்கித் துளை திறக்கும்.

ரேடியேட்டர் முழுக்கச் சூடானபின் ஒரு எவர்சில்வர் கரண்டியை வென்ட் துளைக்கு முன்னால் பிடியுங்கள். கை வேண்டாம், ஆவி பட்டால் வெந்துவிடும். கரண்டியில் பனி படர்ந்தால் வென்ட் மூடவில்லை என்று பொருள். துருவோ உப்போ ஊசியில் ஒட்டியிருக்கும். கழற்றி, வினிகரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்துக் கழுவினால் சில சமயம் பிழைக்கும்; இல்லையென்றால் புதிது வாங்குவதே மேல்.

மாற்றுவது பத்து நிமிஷ வேலை. பாய்லரை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறியபின் வென்ட்டை இடப்பக்கம் திருகிக் கழற்றவும். மரை பொதுவாக அரைக்கால் இஞ்ச். புது வென்ட்டின் மரையில் டெஃப்லான் டேப்பை வலச்சுற்றாக இரண்டு மூன்று சுற்று சுற்றி, கையால் இறுக்கி, வென்ட் செங்குத்தாக நிற்கும்வரை ஸ்பேனரால் மெல்லத் திருப்பினால் போதும். பலம் காட்டினால் வார்ப்பிரும்பின் மரை போய்விடும். பிறகு புது மரை வெட்ட ஆள் தேட வேண்டும்.

ஆவியோடு தண்ணீரும் துப்புகிறதா? அப்படியானால் வென்ட்டைக் குறை சொல்வதற்கு முன் ரேடியேட்டரின் மேல் ரசமட்டம் வையுங்கள். குழாய் வால்வு இருக்கும் பக்கம் ரேடியேட்டர் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். பழைய வீட்டின் தரை அமுங்கி, சரிவு தலைகீழாகியிருந்தால் தண்ணீர் திரும்பிப் போக முடியாமல் வென்ட் பக்கம் தேங்கும். வென்ட் பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஒன்றிரண்டு நாணயம் செருகினாலே பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது. அடுத்து வால்வு. சூட்டைக் குறைக்கலாமென்று பாதி மூடி வைத்திருப்பார்கள். ஆவி எப்படியோ உள்ளே வந்துவிடும், எதிரே தண்ணீர் இறங்க இடமிருக்காது. ஒற்றைக்குழாயில் வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். ரேடியேட்டர் சூடு சீக்கிரம் பிடிக்கட்டும் என்று காற்றை அளவுக்கு மீறிய வேகத்தில் வெளியேற்றும் வென்ட் போட்டாலும் தண்ணீர் துப்பும்.

ஒன்றிரண்டு அறைகளில் அல்லாமல் வீடு முழுக்கச் சீறினால் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். பெரிய குழாயின் கோடியில் மெயின் வென்ட் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் குழாயில் உள்ள அத்தனை காற்றும் குட்டி வென்ட்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். நீண்ட நேரம் சத்தமாகச் சீறுவது பெரும்பாலும் அதனால்தான்.

அடுத்த சந்தேகம் அழுத்தத்தின் மேல். குக்கர் சுமார் 15 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில்) விசிலடிக்கும். வீட்டைச் சூடாக்க 1.5 பி.எஸ்.ஐ.யே தாராளம். வீடு குளிர்கிறதே என்று பாய்லரின் அழுத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கூட்டி வைப்பது வீண் வேலை. அழுத்தம் ஏறினால் பல வென்ட்கள் மூடிய ஊசியைத் திறக்க முடியாமல் திணறும், சில கெட்டே போகும். பாதி பி.எஸ்.ஐ.யில் பாய்லர் எரிய ஆரம்பித்து, ஒன்றரையில் அணையும்படி வையுங்கள். சரியாக வைத்தும் அழுத்தம் ஏறுகிறதென்றால், அந்தப் பெட்டிக்குக் கீழே பன்றிவால்போல் சுருண்ட குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் சேறு அடைத்தால் பெட்டிக்கு அழுத்தமே தெரியாது; பாய்லர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். வாடகைக் குடித்தனக்காரர்கள் இதையெல்லாம் கட்டடப் பொறுப்பாளரிடம் விட்டுவிடுவது நல்லது.

பாய்லர் பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் துள்ளிக்கொண்டே இருந்தால் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று சந்தேகிக்கலாம். புது பாய்லரோ புதுக் குழாயோ போட்டபின் மரை வெட்டிய எண்ணெய் உள்ளே தங்கிவிடும். ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து ஏறும். தண்ணீர் கொதிக்காமல் வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேல்மட்டத்துத் துளை வழியாகப் பென்சில் பருமனில் மணிக்கணக்காக வடியவிட்டு எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும்.

கசிவைக் கண்டுகொள்ளாமல் விட்டால், போன ஆவிக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் வரும். அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பாய்லரின் வார்ப்பிரும்பை நீர்மட்டத்துக்கு அருகே அரித்துத் துளைக்கும். தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி உள்ள வீடுகளில் இது யார் கண்ணிலும் படாது. கருவியில் மீட்டர் இருந்தால் அந்த எண்ணை வாராவாரம் குறித்து வையுங்கள்.