புத்தகத்தைத் திறக்க வைக்கும் ஓட்டம்

நாளைக் காலை ரெக்கார்டு நோட்டு கொடுத்தாக வேண்டும். மாலை ஏழு மணியிலிருந்து வேலூர் காட்பாடிப் பக்கத்து ஹாஸ்டல் அறை ஒன்றில் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பேனா இருக்கிறது, பார்த்து எழுத நண்பனின் நோட்டும் இருக்கிறது. எட்டரைக்கு மெஸ்ஸுக்குப் போகிறவர்கள் எட்டிப்பார்க்கும்போது மூன்று பக்கத்துக்கு மார்ஜின் மட்டும் போட்டிருக்கிறான். "இன்னாடா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா?"

சோம்பேறி என்று பெயர் வைத்துவிடலாம். ஆனால் ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு உள்ளவர்களைக் கல்லூரியில் அதிகம் படுத்துவது இந்த இடம்தான்: செய்ய வேண்டியது தெரியும், செய்யவும் தெரியும், தொடங்க முடியாது. பள்ளியில் அம்மா பக்கத்திலேயே நின்று எழுத வைத்திருப்பார், டியூஷனில் தினம் டெஸ்ட் வைத்திருப்பார்கள். ஹாஸ்டலில் அப்படி யாரும் இல்லை. அதற்காக, கல்லூரியில் முளைத்த கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பார்க்கும், 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பையனாக இருந்தால் 'துறுதுறுன்னு இருக்கான்' என்று விட்டிருப்பார்கள். பெண் பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு முன்நெற்றிப் புறணி என்று பெயர். எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிவைப்பது, அதிரும் செல்போனை எடுக்காமல் இருப்பது எல்லாம் பெரிதும் இதன் பொறுப்பு. இங்குள்ள நரம்பணுக்கள் ஒழுங்காக வேலை செய்ய, அவற்றுக்கிடையே சேதி கடத்தும் ரசாயனங்களான டோபமினும் நார்அட்ரினலினும் அளவாக வேண்டும். குழம்புக்கு உப்பு மாதிரி, குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் கெட்டது. ஏ.டி.எச்.டி.யில் இந்தச் சமிக்ஞை பலவீனமாக இருப்பதாகக் கருதப்படுகிறது. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் மாத்திரை, வெளிப்பட்ட இந்த ரசாயனங்களை நரம்பணு உடனே திரும்ப உறிஞ்சிவிடாமல் தடுத்து அளவைக் கூட்டுகிறது.

உடற்பயிற்சியும் இதே இரண்டின் மேல்தான் கைவைக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. உடம்பு சூடேறி இதயம் வேகமெடுக்கும்போது மூளைத்தண்டில் உள்ள லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு திட்டும் சுறுசுறுப்பாகிறது என்கிறார்கள். மூளைக்கு வேண்டிய நார்அட்ரினலினில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. டோபமின் விஷயம் இவ்வளவு நேரானது இல்லை. எலிகளை ஓடவிட்ட ஆய்வுகளில் கூடியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தார் 12 பேரை 30 நிமிடம் டிரெட்மில்லில் ஓடவிட்டு பெட் ஸ்கேன் எடுத்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் உள்ளே இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமின் கூடியதற்கான அறிகுறி தென்படவில்லை. 'ஓடினால் டோபமின் பொங்கும்' என்று ரீல்ஸில் அடித்துவிடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பலன் என்னவோ இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மேத்யூ பான்டிஃபெக்ஸும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 10 வயதுக் குழந்தைகள் 20 நிமிடம் டிரெட்மில்லில் நடந்த பிறகு, உட்கார்ந்து படித்த நாளைவிடக் கவனச் சோதனையிலும் வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். ஏ.டி.எச்.டி. இருந்த பிள்ளைகளும் சரி, இல்லாத பிள்ளைகளும் சரி.

கல்லூரி வயதுக்காரர்களைப் பற்றிய ஆய்வுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் கூடுதலாக இருந்த 32 இளைஞர்களை 20 நிமிடம் மிதமான வேகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 2016-இல் வெளியான அந்த முடிவுகளில் கவனச் சோதனை மதிப்பெண் உயரவில்லை. மாறியது, மூளையை வேலைவாங்கும் காரியத்தைச் செய்யலாமே என்ற மனசு. தெம்பு கூடியது, குழப்பமும் களைப்பும் குறைந்தன. நம் ஹாஸ்டல் பையனுக்கு இல்லாமல் போனது அந்த மனசுதானே!

அதனால், எவ்வளவு ஓடினாய் என்பதைவிட எப்போது ஓடினாய் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஒரு தடவை ஓடியதன் பலன் சிறியது, கொஞ்ச நேரத்தில் கலைந்தும் போகும். காலை ஆறு மணிக்குக் கோட்டை மைதானத்தைச் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிப் படிப்புக்கு அதன் தயவை எதிர்பார்க்க முடியாது. இரவில் படிப்பவன் ஏழு மணிக்கு 20 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் கைவீசி நடக்கலாம், மெதுவாக ஓடலாம். முகம் கழுவிக்கொண்டு நேராக மேசைக்கு வந்துவிட வேண்டும். நடுவில் செல்போனை எடுத்தால் போச்சு.

வேலூரில் இதற்குக் கடிகாரமும் ஒத்துழைக்கிறது. மரமில்லாத மலை என்று ஊரைக் கிண்டல் செய்கிற பழைய பேச்சு சும்மா வரவில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகலில் ஓடினால் படிப்பு வராது, தலைவலிதான் வரும். கோடையில் இருட்டிய பிறகோ விடிகாலையிலோதான் சரிப்படும். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர் என்பதால், இந்தப் பக்கத்துப் பையன்கள் ஓட்டத்தைவிட எடை தூக்குவதையே கேட்பார்கள். தூக்கட்டும். ஆனால் ஏ.டி.எச்.டி.க்கு ஆதாரம் அதிகம் சேர்ந்திருப்பது மூச்சு வாங்க வைக்கும் பயிற்சிகளுக்குத்தான்.

பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தொடங்க முடியாதவனிடம் 'ஓடத் தொடங்கு' என்பது என்ன யோசனை? செல்போன் ஆப்பும் அட்டவணையும் மூன்றாம் நாள் மறந்துபோகும். கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். "டேய், ஷூவைப் போடு" என்று வாசலில் நின்று நச்சரிக்கும் ரூம்மேட், அறைக்கு வந்து இழுத்துப்போகும் ஷட்டில் கூட்டாளி. அந்த வேலையை மன உறுதியை நம்பி விடுவது வீண்.

இது மாத்திரைக்கு மாற்று இல்லை. தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு இவையும் ஏ.டி.எச்.டி. போலவே வேஷம் போடும் என்பதால் தானாக முடிவுகட்டாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. ஏற்கெனவே மெத்தில்பெனிடேட் சாப்பிடுகிறவர்கள் ஓடப்போவதை டாக்டரிடம் சொல்லிவிடட்டும். அந்த மாத்திரை நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சற்றுக் கூட்டும், ஓட்டமும் கூட்டும்.